கார்புரேட்டர் கோளாறு

எங்கள் அப்பாவுக்கு ஒரு கொள்கை இருந்தது. சொந்தக்காரர் கடையில் சாமான் வாங்கக் கூடாது. வாங்கினால் விலையும் பேச முடியாது, பிறகு குறையும் சொல்ல முடியாது. இந்த இரண்டும் இல்லாமல் ஒரு சாமானை வாங்கி என்ன சுகம் என்பார். உப்பு புளிக்கு இந்தக் கொள்கை செல்லும். ஆனால் சொந்த அக்கா திருத்துறைப்பூண்டியில் பம்புசெட்டும் மருந்தடிக்கும் மெஷினும் மரம் அறுக்கும் மெஷினும் விற்றுப் பழுதும் பார்த்துக்கொண்டிருக்க, தம்பிக்காரர் தஞ்சாவூர் வரைக்கும் பஸ் ஏறிப் போய் ஏசி போட்ட ஒரு கடையில் மரம் அறுக்கும் மெஷின் வாங்கி வந்தால் அதைக் கொள்கை என்று யார் ஒப்புக்கொள்வார்கள்?

அந்தக் கடையை ஆரம்பித்தது அத்தையின் கணவர், எங்கள் மாமா. கடைக்கு ஆள் பழகிய நேரத்தில் அவருக்குக் கத்தாரில் வேலை கிடைத்தது. இரண்டு வருடத்தில் வந்துவிடுகிறேன் என்று போனவர் லீவுக்கு மட்டும் வந்துகொண்டிருந்தார். கடையை மூடிவிடலாம் என்று எல்லாரும் சொன்னபோது அத்தை மட்டும் மூடவில்லை. புடவைக்கு மேல் மாமாவின் முழுக்கைச் சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு அவரே ஸ்பேனரை எடுத்துவிட்டார். ஒரே கம்பெனிக்கு ஏஜென்சி என்பதெல்லாம் அங்கே கிடையாது. நாலைந்து கம்பெனி மெஷின் விற்பார், எந்தக் கம்பெனி மெஷின் வந்தாலும் பிரித்துப் போடுவார்.

அப்பா வாங்கிய மெஷின் அந்த வருட ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமத்தோடு எங்கள் வீட்டு நடுக்கூடத்தில் வீற்றிருந்தது. தஞ்சாவூர்க் கடையின் ஸ்டிக்கரைக்கூட அப்பா கிழிக்கவில்லை. அன்றைக்குப் பார்த்துத்தானா அத்தை பொரி கடலை கொடுக்க வர வேண்டும்? மெஷினை ஒரு பார்வை பார்த்தார்.

"நல்ல மெஷின்தான் தம்பி. ஓடுற வரைக்கும் நல்லா ஓடும்" என்றார். அம்மா போட்டு வைத்த காப்பி ஆறிப்போனது. அத்தை குடிக்காமலே கிளம்பிவிட்டார்.

அந்தத் தீபாவளிக்கு அப்பா அக்கா வீட்டுக்குச் சீர் கொண்டுபோகவில்லை. வெட்கம். புடவையையும் பலகாரத்தையும் பையில் போட்டு, அந்தப் பக்கம் போன பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுத்தனுப்பினார். கூடப்பிறந்தவன் வராத சீரை அத்தை வாங்கி வைத்துக்கொண்டார் என்று மட்டும் தகவல் வந்தது. அதன்பிறகு இரண்டு வீட்டுக்கும் போன்கூட இல்லை. எனக்கு அப்போது பத்து வயது. ஒரு மெஷினுக்காக இவ்வளவு பெரிய மனிதர்கள் பேசாமல் இருப்பார்களா என்று ஆச்சரியமாக இருந்தது. நானும் என் சிநேகிதியும் ரப்பருக்காகப் பேசாமல் இருந்தது எனக்கு நியாயமாகவே பட்டது.

தீபாவளி முடிந்த கையோடு புயல் அடித்தது. எங்கள் ஊர் முத்துப்பேட்டைக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் நடுவில். விடிந்து கதவைத் திறந்தபோது தென்னந்தோப்பு இருந்த இடத்தில் வானம் இருந்தது. வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் எங்கள் வயலின் வடிகால் வாய்க்காலில், மதகுக்கு அருகே, ஐந்து தென்னையும் ஒரு தூங்குமூஞ்சி மரமும் குறுக்கே விழுந்து குப்பையோடு சேர்ந்து அணை கட்டியதுபோல் அடைத்துக்கொண்டன. சம்பா நட்டு நாற்பது நாள் பயிர். நுனி மட்டும்தான் தண்ணீருக்கு மேலே தெரிந்தது. இன்னும் இரண்டு மூன்று நாள் தண்ணீர் வடியாமல் நின்றால் அழுகிவிடும். எங்கள் வயல் மட்டுமில்லை, அந்த வாய்க்காலை நம்பி எட்டுக் குடும்பத்து நெல் இருந்தது.

"யாரும் கவலைப்படாதீங்க. நம்மகிட்ட மெஷின் இருக்கு" என்று அப்பா எட்டுப் பேரிடமும் சொல்லிவிட்டார்.

முதல் மரத்தில் பாதி வரைக்கும் மெஷின் நன்றாகத்தான் அறுத்தது. பிறகு தென்னை நார் உள்ளே போய்ச் சுற்றிக்கொண்டது. அப்பா செயினைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, நாரையெல்லாம் பிடுங்கி, பக்குவமாகத் திரும்ப மாட்டினார். அதற்குப் பிறகு மெஷின் கத்தியது, புகைந்தது, மரத்தில் மட்டும் பல் இறங்கவில்லை. அறுக்கும் மெஷின் உரசும் மெஷினாகிவிட்டது. எட்டுக் குடும்பத்து ஆண்களும் கரையில் நின்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். அப்பாவின் முகம் சுண்டிப்போனது. சிக்னல் கிடைத்த இடத்துக்குப் போய்த் தஞ்சாவூர்க் கடைக்குப் போன் போட்டார். கொண்டுவந்து கொடுத்தால் கம்பெனிக்கு அனுப்புகிறோம், பதினைந்து நாள் ஆகும் என்றார்கள்.

மறுநாள் காலையில் அப்பா மெஷினை ஒரு உரச்சாக்கில் போட்டுக் கட்டி, மொபெட்டில் என்னையும் ஏற்றிக்கொண்டார். விழுந்த மரங்களுக்கு நடுவே புகுந்து புகுந்து திருத்துறைப்பூண்டி போய்ச் சேர்ந்தோம். அத்தை கடைக்கு ஒரு தெரு முன்னாலேயே டீக்கடையில் வண்டியை நிறுத்திவிட்டார்.

"நீ மட்டும் போ. யாரோட மெஷின்னு அத்தை கேட்டா, யாரோ குடுத்து விட்டாங்கன்னு சொல்லு."

"யாரோன்னா யாருப்பா?"

"யாரோதான்."

சாக்கை இழுத்துக்கொண்டும் தூக்கிக்கொண்டும் போனேன். கடை வாசலில் கல்யாண வீட்டுப் பந்திக்கு நிற்பதுபோல் கூட்டம். எல்லார் கையிலும் சாக்கு. அத்தை ஒரு முக்காலியில் உட்கார்ந்து அரத்தால் ஒரு செயினைத் தீட்டியபடியே ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டார். "வயல்ல தண்ணி நிக்குதாங்க?" நிற்கிறது என்றால் சாக்கு உள்ளே போகும். இல்லை என்றால் ஓரமாக உட்கார வேண்டும்.

வெள்ளை வேட்டிக்காரர் ஒருவருக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் உங்ககிட்டயே மெஷின் வாங்கினவன். கார் மேல மரம் கெடக்கு. அந்த ஆளு எங்கேயோ வாங்கிட்டு வந்திருக்காரு, அவருக்கு முதல்ல பாக்குறீங்களே?"

"மெஷினு எந்தக் கடைன்னு தண்ணிக்குத் தெரியாதுங்க. காரு அழுகாது. உக்காருங்க, டீ வரும்" என்றார் அத்தை.

அப்புறம் என்னைப் பார்த்தார். என்னைப் பார்த்தார், சாக்கைப் பார்த்தார், தெருமுனையை ஒருமுறை எட்டிப் பார்த்தார்.

"யாரோடது பாப்பா?"

"யாரோ குடுத்து விட்டாங்க அத்தை."

"அந்த யாரோ வயல்ல தண்ணி நிக்குதா?"

"இடுப்பு வரைக்கும் நிக்குது. எட்டு வீட்டு வயல்லயும்" என்றேன். அழுகை வந்துவிட்டது. ஏன் வந்தது என்று தெரியவில்லை. அதுவரைக்கும் அழ வேண்டும் என்ற எண்ணமே இல்லை.

அத்தை சாக்கைப் பிரித்தார். மெஷினைப் பார்த்ததும் அவர் உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. சிரிப்பை அடக்குகிறார் என்று எனக்கே தெரிந்தது.

"என்னாச்சு அத்தை?"

"பல்லு திரும்பிக் கெடக்கு. நெல்லு அறுக்குறவங்க கையில குடுத்தா இப்படித்தான் போடுவாங்க."

கதிர் அறுக்கும் கருக்கரிவாளில் பல் பிடியைப் பார்த்துச் சாய்ந்திருக்கும். நம் பக்கம் இழுத்தால்தானே அது அறுக்கும். அப்பாவின் கை அந்த அரிவாளில் பழகிய கை. செயினைக் கழுவித் திரும்ப மாட்டும்போது, மேலே தெரியும் பற்கள் தன்னைப் பார்க்கும்படி பொறுப்பாக மாட்டிவிட்டார். இந்த மெஷினிலோ மேல்பக்கத்துப் பற்கள் வெளிப்பக்கம் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் கோளாறு. அத்தை இரண்டு நட்டைக் கழற்றி, செயினைத் திருப்பி மாட்டி, மழுங்கிய பற்களை அரத்தால் தேய்த்தார். பிறகு சிவப்புப் பெயிண்டைத் தொட்டு, செயின் ஓடும் பட்டையின் மேல் அழகாக ஒரு அம்புக்குறி போட்டார். வாசலில் கிடந்த தென்னைத் துண்டில் வைத்ததும் மெஷின் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் இறங்கியது.

திரும்பச் சாக்கில் போட்டுக் கட்டும்போது அத்தை குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அந்த யாரோகிட்ட, கார்புரேட்டர்ல தூசி அடைச்சிருந்துதுன்னு சொல்லு. புயல் காத்துல யாரு மெஷினுக்கும் வர்றதுதான்னு சொல்லு."

நான் திடுக்கிட்டுப் போனேன். அத்தை கார்புரேட்டரைத் தொடவே இல்லை. இல்லாத கோளாறைச் சொல்லி ஏமாற்றும் மெக்கானிக்குகளைப் பற்றி அப்பா கதை கதையாகச் சொல்லியிருக்கிறார். அப்படி ஒருவர் எங்கள் குடும்பத்திலேயே இருக்கிறார் என்பது எனக்குப் பெரிய அதிர்ச்சியாக இருந்தது. அந்த வயதில் நான் உண்மைக்கு மொத்தக் குத்தகை எடுத்திருந்தேன். நேராக டீக்கடைக்குப் போய் அத்தனை பேர் முன்னாலும் போட்டு உடைத்தேன்.

"அப்பா, அத்தை பொய் சொல்லச் சொல்றாங்க. கார்புரேட்டர்ல தூசியாம். அவங்க அதைத் தொடவே இல்ல. நீங்க செயினைத் திருப்பி மாட்டியிருந்தீங்க. அதை மாத்திப் போட்டாங்க, அவ்வளவுதான்."

டீக்கடையில் யாரோ இருமினார். அப்பா காலி கிளாஸை வாயில் வைத்து இரண்டு மிடறு குடித்தார்.

"அத்தை கார்புரேட்டர்னு சொன்னா கார்புரேட்டர்தான்" என்றார். பிறகு வண்டியை ஸ்டார்ட் செய்தார்.

அன்று மத்தியானத்துக்குள் ஆறு மரமும் துண்டாகிவிட்டன. எட்டு வீட்டு ஆண்களும் துண்டுகளை இழுத்துக் கரையேற்றினார்கள். மதகு வாயில் தண்ணீர் உறுமிக்கொண்டு ஓடிய சத்தம் கேட்டபோது அப்பா கரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பொழுது சாய்வதற்குள் பயிர் ஒரு சாண் வெளியே தெரிந்தது. என்ன ஆச்சு மெஷினுக்கு என்று கேட்டவர்களிடமெல்லாம் கார்புரேட்டர் என்றே சொன்னார். நான் வாயைத் திறக்கும்போதெல்லாம் அம்மா என் கையில் ஒரு முறுக்கைத் திணித்தாள்.

பள்ளத்து வயலில் கொஞ்சம் அழுகிப் போனாலும் மீதி நெல் பிழைத்தது. தை வந்தது. அப்பா பொங்கல் சீருக்குக் கரும்புக்கட்டும் மஞ்சள்கொத்தும் பச்சரிசியும் வெல்லமும் புதுப்பானையும் வாங்கி வைத்தார். ஆனால் கிளம்பாமல் வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்துகொண்டிருந்தார். பிறகு கொட்டகைக்குப் போய் மெஷினை எடுத்தார். நான் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். இரண்டு நட்டைக் கழற்றினார். நன்றாக இருந்த செயினை எடுத்து, திருப்பி, தப்பாக மாட்டினார்.

"அப்பா, அம்புக்குறிக்கு எதிரா மாட்டுறீங்க."

"தெரியும்."

"அப்புறம் ஏன்?"

"கார்புரேட்டர்ல என்னமோ கோளாறு. அத்தைகிட்ட காட்டணும்" என்று மெஷினைச் சாக்கில் போட்டார். கரும்புக்கட்டு ஒரு பக்கமும் சாக்கு ஒரு பக்கமுமாக மொபெட் கிளம்பியது. பச்சரிசியும் வெல்லமும் காலடியில் இருந்தன. நடுவில் நான், மடியில் புதுப்பானை.

இந்த முறை வண்டி டீக்கடையில் நிற்கவில்லை. நேரே கடை வாசலில் போய் நின்றது. அத்தை வெளியே வந்தார். கரும்பைப் பார்த்தார். பொங்கலும் அதுவுமாக எதற்கு இந்தச் சாக்கு என்பதுபோல அதையும் பார்த்தார். அப்பா சீரைக் கொடுப்பதற்கு முன்னால் சாக்கைத்தான் நீட்டினார். அத்தை சாக்கின் வாயைப் பிரித்து உள்ளே எட்டிப் பார்த்தார். சிவப்பு அம்புக்குறி ஒரு பக்கம் பார்த்தது. பற்கள் மறுபக்கம் பார்த்தன. அத்தை நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது. பெட்ரோல் வாடையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

"கார்புரேட்டர்தானா தம்பி?"

"அப்படித்தான் தெரியுது அக்கா."

"அப்ப நேரமாகும். உள்ள வா. சாப்பிட்டுட்டுப் போகலாம்."

இரண்டே நிமிட வேலைக்கு அன்று சாயங்காலம் வரைக்கும் அங்கே இருந்தோம். அப்பா இரண்டு முறை காப்பி குடித்தார். கத்தாரில் இருந்த மாமாவோடு போனில் பேசினார். கிளம்பும் நேரத்தில்தான் அத்தை ஸ்பேனரையே எடுத்தார். நான் இந்த முறை யாரிடமும் எதையும் போட்டு உடைக்கவில்லை. பெரியவர்கள் இரண்டு பேருக்கும் செயின் எது, கார்புரேட்டர் எது என்றுகூடத் தெரியவில்லையே, இவர்களை நம்பி ஊரே மெஷினை ஒப்படைக்கிறதே என்று பரிதாபப்பட்டுக்கொண்டு, அத்தை கொடுத்த கரும்பைக் கடித்தேன்.