பின்சீட்டுக்குக் குளிர் அனுப்புகிறவர்

காரின் இடது பக்கத்துப் பின்கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு, டிரைவர் வலது பக்கத்து முன்கதவைப் பிடித்து ஆட்டுகிறார். திறக்கிறார், மூடுகிறார், மறுபடி திறக்கிறார். முறத்தில் புடைப்பது போல இருக்கிறது. துணிக்கடை வாசலில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டு, வெயில் தலைக்கேறிவிட்டது போலும் என்று நகர்கிறார்கள். வண்டிக்குள் வெந்துகொண்டிருக்கும் காற்றை அவர் வெளியே தள்ளுகிறார். அப்புறம்தான் இன்ஜின், அப்புறம் முழு வேகத்தில் காற்றாடி. மிச்ச வெக்கையும் போனபின் கண்ணாடிகளை ஏற்றி, உள்காற்றே சுற்றும்படி பொத்தானை அழுத்துவார். மேடம் பைகளோடு வெளியே வரும்போது வண்டி சில்லென்று காத்திருக்கும்.

மற்ற டிரைவர்கள் அவருக்கு வைத்த பெயர் குளுகுளு. கேலிக்குத்தான் வைத்தார்கள். அவர் அதைப் பட்டம் போலச் சூடிக்கொண்டார். "வண்டி யார் வேணா ஓட்டலாம்ப்பா. ஏறுறவங்களுக்கு வேர்க்காம ஓட்டணும்" என்பார். சொல்லும்போது அவருடைய சட்டை தொப்பலாக நனைந்திருக்கும். ஆள் ஏறாதபோது ஏசி ஓடக்கூடாது, கிளம்புவதற்கு முந்தைய ஐந்து நிமிடம் மட்டும் போட்டுக்கொள்ளலாம் என்பது முதலாளியின் சட்டம். முதலாளியை அவர் சார் என்பார், முதலாளியின் மனைவியை மேடம் என்பார். பத்து வருடத்துக்கு மேல் அந்த வீட்டு வண்டியை ஓட்டியும், அந்தக் குளிரில் அவர் தனியாக உட்கார்ந்ததில்லை.

வெயில் காலத்தில் மட்டும் ஏசியைக் கவனிக்கிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. பல் நடுங்கும் குளிர்காலத்திலும் வாரத்துக்கு ஒருமுறை, காலையில் வண்டியைத் துடைத்த கையோடு, கிளம்புவதற்கு முந்தைய அந்த ஐந்து நிமிடமும் ஏசியை ஓடவிடுவார். "ஓடலேன்னா உள்ள எண்ணெய் சுத்தாது. எண்ணெய் சுத்தலேன்னா சீல் காஞ்சுடும். காஞ்சா கேஸ் ஓடிடும்" என்று யாரும் கேட்காமலே விளக்கம் வரும். மழைக்காலத்தில் கண்ணாடியில் ஆவி படிந்தால் துணியை எடுக்க மாட்டார்; ஏசியையும் சூட்டையும் சேர்த்துப் போட்டு நொடியில் கலைத்துவிடுவார். டேஷ்போர்டு அறைக்குப் பின்னால் இருக்கும் ஃபில்டரை உருவி மதில்மேல் தட்டுவார். மேடத்தின் தலைமுடி, காய்ந்த இலை, பிஸ்கட் தூள் எல்லாம் உதிரும். வீடு நெருங்கும்போது குளிரை நிறுத்திவிட்டுக் காற்றை மட்டும் விடுவார், உள்ளே ஈரம் தங்கி நாற்றம் பிடிக்கக்கூடாதே என்று. பின்சீட்டில் ஒருவருக்கும் இது தெரியாது.

நல்லவர் என்று நினைத்துவிட வேண்டாம். மேடத்தின் அண்ணன் ஒருவர் உண்டு. "ஏய் டிரைவர்" என்றுதான் கூப்பிடுவார். அவர் ஏறினால் பின்பக்கக் காற்றெல்லாம் எப்படியோ காலடிக்குப் போய்விடும். இறங்கும்போது மனிதருக்குச் சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும். "இன்னைக்கு வெயில் ஜாஸ்தி சார்" என்று குளுகுளு பணிவாகக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பார். உலகத்தில் அவர் கைக்கு அடங்கிய அதிகாரம் காற்றின் திசையை மாற்றும் அந்த ஒரு திருகுதான். அதை அவர் ஆசை தீர அனுபவித்தார்.

அவரைத் தைத்த முள் வேறு. யார் வண்டியில் ஏறினாலும் மேடம் பெருமையாகச் சொல்வார்: "நம்ம வண்டி எப்பவுமே ஜில்லுன்னு இருக்கும். நல்ல கம்பெனி வண்டி." புகழ் எல்லாம் கம்பெனிக்குப் போகும். குளுகுளு கண்ணாடி வழியாக மேடத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு கியரை மாற்றுவார். வீட்டில் போய்ச் சொன்னாலும் ஆறுதல் கிடையாது. ஒரு பக்கமாக மட்டும் திரும்பும் மேசை விசிறிக்கு முன்னால் உட்கார்ந்து அவர் மனைவி சொல்வது: "ஊரான் வண்டிக்குக் காட்டுற அக்கறையில கால்வாசி இந்த ஃபேனுக்குக் காட்டுங்க, போதும்."

சார் அலுவலகம் போவதை நிறுத்தியபின் வண்டிக்கு வேலை குறைந்தது. ஒருநாள் பின்சீட்டில் பேச்சு நடந்தது. "போன்ல கூப்பிட்டா வாசல்ல கார் வந்து நிக்குது. நமக்குன்னு ஒரு வண்டி, ஒரு டிரைவர், எதுக்கு?" என்றார் மேடம். "நல்ல விலைக்குக் கேட்டா தள்ளிவிடலாம். அடிமாட்டு விலைக்குக் கேட்டா வேண்டாம். இருக்கட்டும், ஓடுற வரைக்கும் ஓடட்டும்" என்றார் சார். ஸ்டியரிங் தானாகத் திரும்பிக்கொண்டிருக்கிறது என்பது போலத்தான் இருவரும் பேசினார்கள்.

கடைசியாகச் சொன்னதைக் குளுகுளு கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அறுபதை நெருங்கும் டிரைவரை யார் புதிதாகச் சேர்ப்பார்கள்? விசாரித்த இடத்திலெல்லாம் இள வயதுக்காரர்களைத்தான் கேட்டார்கள். முழங்கால் வேறு மடக்கினால் நீட்ட மறுக்கிறது. வண்டி நல்ல விலைக்குப் போகாமல் இருந்தால்தான் வீட்டில் அடுப்பு எரியும். பானெட்டுக்குள் ஒரு கறுப்புப் பெட்டி. அதில் ஏசிக்கென்று சுண்டுவிரல் நகம் அளவில் ஒரு ஃபியூஸ். அதைப் பிடுங்கிவிட்டால் காற்று வரும், குளிர் வராது.

வண்டியை விலைக்குக் கேட்டு முதலில் வந்த மருந்துக்கடைக்காரர் உச்சிவெயிலில் ஒரு சுற்றுப் போய்விட்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று போனவர்தான். "என்னய்யா ஆச்சு?" என்றார் சார். "வண்டிக்கும் வயசாகுது சார். சில நேரம் மக்கர் பண்ணுது." அன்று சாயங்காலம் ஃபியூஸ் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. மேடம் குளிர் தாங்காமல் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். குளுகுளு பல நாள் கழித்து நிம்மதியாகத் தூங்கினார். செய்தது ஏமாற்று வேலை என்று அவருக்குத் தெரியாமலில்லை.

அடுத்து வந்தவர் கட்டட ஒப்பந்தக்காரர். கூடவே ஒரு மெக்கானிக்கை அழைத்து வந்திருந்தார். ஃபியூஸ் குளுகுளுவின் சட்டைப் பையில் இருந்தது. ஒரு சுற்றுப் போய் வந்து இருவரும் வேர்வையைத் துடைத்துக்கொண்டு இறங்கினார்கள். மெக்கானிக்குக்கு விலையை இறக்க ஒரு காரணம் வேண்டியிருந்தது, கிடைத்துவிட்டது. பானெட்டைத் தூக்கி, எதையும் தொடாமல் உதட்டைப் பிதுக்கினார். "கம்ப்ரசர் காலி. குளிர்காலத்துல ஏசியே போட்டிருக்க மாட்டாங்க, சீல் காஞ்சு கேஸ் எல்லாம் போயிருக்கும். ஃபில்டரைப் பொறந்ததுல இருந்து யாரும் தொட்டிருக்க மாட்டாங்க. டிரைவரை நம்பி விட்ட வண்டின்னா இப்படித்தான் சார் இருக்கும்."

ஒப்பந்தக்காரர் அடிமாட்டு விலை ஒன்றைச் சொன்னார். சார் தலையை ஆட்டி மறுத்தார். வந்தவர்கள் கேட்டைப் பார்த்துத் திரும்பிவிட்டார்கள். குளுகுளுவின் காரியம் கைகூடிவிட்டது. வாயைத் திறக்காமல் நின்றால் போதும், நாளைக்கும் அதற்கு மறுநாளும் வேலை உண்டு.

அப்போது சார் மெக்கானிக்கிடம் சொன்னார்: "நான் என்னத்தைக் கண்டேன்? எல்லாம் இவன் பொறுப்புலதான் இருந்தது. இத்தனை வருஷமா சும்மா உக்காந்து சம்பளம் வாங்கியிருக்கான்னு இப்பத்தானே தெரியுது."

கம்பெனிக்குப் போன புகழையெல்லாம் பொறுத்துக்கொண்ட குளுகுளு, இந்த ஒரு பழியைப் பொறுக்க முடியாமல் போனார். நேரே போய்ப் பானெட்டுக்குள் குனிந்து, எல்லோரும் பார்க்கச் சட்டைப் பையிலிருந்து ஃபியூஸை எடுத்து அதன் இடத்தில் அழுத்தி, இன்ஜினைப் போட்டார். "ஏறி உக்காருங்க சார். கண்ணாடியை ஏத்துங்க" என்றார் ஒப்பந்தக்காரரிடம். பிறகு ஃபில்டரை உருவி மெக்கானிக்கின் மூக்குக்கு நேரே நீட்டினார். "யாரும் தொடலையா? நல்லாப் பாருங்க. குளிர்காலத்துல போடலையா? காத்துல கைய வச்சுப் பாத்துட்டுச் சொல்லுங்க."

மெக்கானிக் கையை வைத்தார். "ஐஸ் மாதிரி வருதே" என்றார் ஒப்பந்தக்காரர். சார் கேட்ட விலைக்கே பேச்சு முடிந்தது. கையோடு எடுத்துப் போகிறேன் என்று பணத்தை எண்ணிக் கொடுத்தார். கொடுத்தபடியே, "வேலை தெரிஞ்ச ஆளா இருக்காரே" என்று குளுகுளுவைத் திரும்பிப் பார்த்தார். குளுகுளு சட்டைக் காலரை இழுத்துச் சரிசெய்துகொண்டு ஓர் அடி முன்னால் வந்தார்.

"ஃபியூஸைப் பிடுங்கி வைக்கிற ஆளு சார்" என்றார் மெக்கானிக்.

ஒப்பந்தக்காரர் பார்வையைத் திருப்பிக்கொண்டார். சார் குளுகுளுவின் சட்டைப் பையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். "அப்போ அன்னைக்கும் நீதானா?"

"ஆமா சார்."

"நாளையில இருந்து இந்தப் பக்கம் வராதே." ஓட்டுவதற்கு வண்டியே இல்லாத வீட்டுக்கு வராதே என்று சொல்வதில் என்ன இருக்கிறது? ஆனாலும் சொன்னார். சொல்லிவிட்டு, வாசலில் நின்ற மேடத்தோடு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

வண்டி கிளம்பியது. குளுகுளு பக்கத்திலேயே ஓடினார். "சார், வீடு வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடியே குளிரை நிறுத்திட்டுக் காத்தை மட்டும் விடுங்க, இல்லேன்னா நாத்தம் வந்துடும்." கண்ணாடி ஏற்றியிருந்தது. உள்ளே ஒப்பந்தக்காரரும் மெக்கானிக்கும் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

வண்டி தெருமுனையில் திரும்பிய பிறகு பார்த்தார், வெளி கேட் அகலத் திறந்து கிடந்தது. அவர் தெருவில் நின்றபடியே இரண்டு கதவுகளையும் இழுத்துச் சேர்த்தார். கம்பிகளுக்கு நடுவே கையை விட்டு, உள்பக்கத்துத் தாழ்ப்பாளைத் தடவிப் பிடித்துப் போட்டார். சரியாக விழுந்திருக்கிறதா என்று ஒருமுறை ஆட்டிப் பார்த்தார்.