பந்து போன பிறகு திரும்பி ஓடியவர்

செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணிக்கு இங்கே வளைகுடாவில், அல் கூஸ் வட்டாரத்தில் ஒரு கிடங்கின் கூரைமேல் ஏசி யூனிட்டின் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. என்னோடு வேலை பார்க்கும் ஸ்டான்லி அண்ணனின் ரூமில் இருக்கும் ராஜஸ்தான்காரர் இந்தியில் பேசினார். அண்ணன் டியூட்டிக்குக் கிளம்பும்போது தொழிலாளர் கேம்ப் குழாயடியில் பல் துலக்கிக்கொண்டிருந்தாராம், அப்படியே சரிந்துவிட்டாராம். ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது, மாரடைப்பு என்றார்களாம். வயது நாற்பத்துநான்கு.

எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, பயம். இடது கை தானாக நெஞ்சுக்குப் போயிற்று. ஏனென்றால் ஒரு மாதமாக எனக்கும் அந்த இடத்தில் ஏதோ அழுத்துகிறது. அதை நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. இதை எழுதும்போதும் பயமாகத்தான் இருக்கிறது. அஞ்சலி எழுத உட்கார்ந்தவன் தன் பயத்தைப் பற்றியே பேசுகிறானே என்று அவரை அறிந்தவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். இரண்டையும் என்னால் பிரிக்க முடியவில்லை.

அவரோடு வேலை பார்த்தவர்களுக்கு அவர் கைராசியான ஏசி டெக்னீஷியன். கன்னியாகுமரிக் கடற்கரைக்காரர், ஞாயிறு பூசை தவறாதவர். குளிர்காலச் சனிக்கிழமைகளில் அவரோடு ஓடிய நாங்கள் இருபது பேர்தான் அவருடைய இன்னொரு முகத்தைப் பார்த்தோம். பந்தைக் கையில் பிடித்து ஓடியும் காலால் உதைத்தும் ஆடுகிற ஆஸ்திரேலியர்களின் ஃபுட்டியை அவர் ஆடினார். அதுவும் நடுக்களத்தில்.

மூன்று வருடத்துக்கு முன் ஃபுட்டி ஆடும் மைதானத்து உடைமாற்றும் அறையில் ஏசி ரிப்பேருக்காக நாங்கள் இருவரும் போயிருந்தோம். க்ளென் என்ற ஆஸ்திரேலிய இன்ஜினியர் தன் அணிக்கு இரண்டு பேர் குறைகிறது என்று தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். உரிக்காத தேங்காய் மாதிரி இருந்த பந்து ஒன்று தவறி எங்கள் பக்கம் வந்தது. அண்ணன் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு எம்பிப் பிடித்து, வந்த வேகத்திலேயே திருப்பி உதைத்தார். ஊரில் கடற்கரை மணலில் கால்பந்து ஆடி வளர்ந்த கால் அது. க்ளென் அன்றே அணியின் பனியனைக் கொடுத்துவிட்டார். இரண்டாவது ஆளாக என்னை இழுத்து விட்டதும் அண்ணன்தான். அதற்காக அவரை நான் பல நாள் திட்டியிருக்கிறேன்.

என்னைத் தடுப்பு வரிசையில் நிறுத்தினார்கள். ஆறடி ஆள் பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு நேராக என்மேல் ஓடி வருவான். நான் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி, கண்ணை மூடிக்கொள்வேன். அப்போது பின்னாலிருந்து தொப் தொப்பென்று ஒரு காலடிச் சத்தம் கேட்கும். மைதானத்தின் அந்தக் கோடியில் இருந்த அண்ணன் அந்த ஆளைத் துரத்திக்கொண்டு வந்திருப்பார். இடுப்பைப் பிடித்து இழுத்துச் சாய்ப்பார், இல்லையென்றால் உதைக்கிற கால்மேலேயே விழுந்து பந்தை அமுக்குவார். எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொல்வார்.

"கண்ணத் தொறந்து நில்லு மக்கா. நான் வந்துகிட்டுதான் இருக்கேன்."

ஆட்டம் முடிந்ததும் க்ளென் டிவியில் பழைய ஆட்டங்களைப் போடுவார். அவருடைய அப்பா காலத்து நடுக்கள வீரர்கள் சேற்றில் புரண்டு பந்தை எடுத்து, இரண்டு பேரை ஏமாற்றி, தொலைவிலிருந்து கோல் கம்பங்களுக்கு நடுவே உதைப்பார்கள். இப்போதுள்ளவர்கள் யாரும் அதற்கு ஈடாக மாட்டார்கள் என்பது க்ளெனின் கட்சி. அண்ணனும் அவர்களை வாய்பிளந்து பார்ப்பார். ஆனால் எல்லோரும் கைதட்டும் இடத்தில் அவர் கைதட்ட மாட்டார். பந்து எதிரணிக்குப் போன பிறகு அதே வீரர் என்ன செய்கிறார் என்று திரையின் ஓரத்தில் தேடுவார். பெரும்பாலும் அந்த வீரர் இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டிருப்பார்.

"பந்து கையில இருக்கும்போது எல்லாவனும் பெரிய ஆட்டக்காரன்தான் மக்கா. அது போன பொறவு எவன் திரும்பி ஓடுகான்னு பாரு" என்பார். அந்த ஒரு விஷயத்தில் இன்றைய ஆட்டக்காரர்கள்தான் ஒசத்தி என்பது அவருடைய தீர்ப்பு.

ஆனால் பழைய ஆட்களிடமிருந்து அவர் ஒன்றை எடுத்துக்கொண்டார். அதுதான் இப்போது என்னை உறுத்துகிறது. இந்த ஆட்டத்தில் மூச்சு வாங்கினால் கையைத் தூக்கிக் காட்டலாம். வெளியே இருப்பவன் உள்ளே வருவான், நாம் போய் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பலாம். எத்தனை தடவை வேண்டுமானாலும் மாறலாம், அதில் மானக்கேடு எதுவும் இல்லை. நான் ஆட்டத்துக்கு ஏழெட்டு முறை தூக்குவேன். அண்ணன் மூன்று வருடத்தில் ஒரு முறைகூடத் தூக்கியதில்லை. அந்தக் காலத்து வீரர்கள் முதல் விசிலிலிருந்து கடைசி விசில் வரை வெளியே வர மாட்டார்கள் என்று க்ளென் சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டார். அவர்களைப் போல வெளியே வராமல், இவர்களைப் போல திரும்பியும் ஓடினார். ஒரே உடம்பு இரண்டு காலத்து வேலையையும் செய்தது.

இரண்டு மாதத்துக்கு முன் அபுதாபி அணியோடு நடந்த ஆட்டத்தில் ஒருவன் எங்கள் எல்லோரையும் தாண்டிவிட்டான். அண்ணன் முக்கால் மைதானம் துரத்திப் போய் அவன் காலடியில் விழுந்து பந்தைத் தடுத்தார். ஆஸ்திரேலியர்கள் கத்திய கத்தலில் காது அடைத்தது. ஆட்டம் முடிந்து நான் வேலியோரம் போனபோது அவர் குனிந்து உட்கார்ந்திருந்தார். உதடு சாம்பல் நிறமாக இருந்தது. உள்ளங்கையால் நெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"காத்து உள்ள ஏறமாட்டேங்கு மக்கா" என்றார்.

ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றேன். என் மணிக்கட்டை வலிக்கும்படி பிடித்துக்கொண்டார்.

"விசா புதுக்க ரெண்டு மாசம் கிடக்கு. மெடிக்கல்ல அன்ஃபிட்டுன்னு எழுதிட்டான்னா கலாஸ், எல்லாம் முடிஞ்சுது. நீ ஒருத்தர்கிட்டயும் சொல்லாத. மேரிகிட்டயும்."

நான் சொல்லவில்லை, ஊரில் இருக்கும் அவர் மனைவி மேரி அக்காவிடமும். இங்கே கேம்ப்களில் இருக்கிற எங்களுக்கு இது வழக்கம். விசா புதுப்பிக்கச் செய்யும் மெடிக்கல் பரிசோதனை நெருங்கினால் இருமலைக்கூட ரூமுக்குள் அடக்குவோம். டாக்டரிடம் போனால் கம்ப்யூட்டரில் ஏறிவிடும், கம்ப்யூட்டரில் ஏறினால் விசா போய்விடும் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு வாயை மூடிக்கொள்வோம். நானும் என் நெஞ்சழுத்தத்தை அப்படித்தான் மூடி வைத்திருந்தேன், அண்ணனிடம்கூடச் சொல்லாமல்.

அவருடைய உடல் ஊருக்குப் போய், அடக்கமும் முடிந்த மறுநாள் மேரி அக்கா எனக்குப் போன் செய்தார். அழுது அழுது குரல் கட்டியிருந்தது.

"முருகேசன் தம்பி, அவிய ஒங்ககிட்ட ஏதாவது சொன்னாவளா? நெஞ்சு வலிக்குன்னு, ஏதாவது?"

இல்லை அக்கா என்று சொன்னேன். அந்தப் பொய் எப்படி அவ்வளவு சுலபமாக வாயில் வந்தது என்று தெரியவில்லை.

போன சனிக்கிழமை அவர் நினைவாக எல்லோரும் கையில் கறுப்புப் பட்டை கட்டிக்கொண்டு ஆடினோம். அவருடைய இடத்தில் ஓர் ஐரிஷ்காரர் நின்றார். நல்ல ஆட்டக்காரர்தான், குறை சொல்வதற்கில்லை. ஆட்டத்தின் நான்கு பகுதிகளில் மூன்றாவதில் ஒருவன் பந்தோடு என்னை நோக்கி வந்தான். கண்ணைத் திறந்துதான் நின்றேன். பின்னால் எந்தக் காலடியும் கேட்கவில்லை. அவன் என்னைத் தாண்டிப் போய் உதைத்து ஒரு கோல், ஆறு புள்ளி எடுத்தான். எனக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. நெஞ்சுக்குள் அந்த அழுத்தம் வந்துவிட்டிருந்தது, இடது தோள் வரைக்கும் இழுத்தது. இன்னும் பத்து நிமிடம் பல்லைக் கடித்துக்கொண்டால் பகுதி முடிந்துவிடும் என்று நினைத்தேன். அப்படி நினைத்தது நானா அவரா என்று சந்தேகம் வந்தபோதுதான் உண்மையான பயம் பிடித்தது. குழாயடியில் பாதி துலக்கிய பல்லோடு கிடந்த அவரை, நான் நேரில் பார்க்காத அந்தக் காட்சியை, மைதானத்தின் நடுவில் பார்த்தேன்.

கையைத் தூக்கினேன்.

மாற்று ஆள் ஓடி வந்தான். நான் பெஞ்சுக்குப் போகாமல் க்ளெனிடம் போய், உடைந்த ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். என்னுடையதையும், அண்ணனுடையதையும். அவர் என்னைத் திட்டவில்லை. பனியனோடு காரில் ஏற்றி அல் குசைஸில் ஒரு கிளினிக்குக்குக் கொண்டுபோனார்.

நெஞ்சில் ஒயர்களை ஒட்டிய நர்ஸ் தூத்துக்குடிப் பெண். அசையாமல் படுங்க என்றார். பயத்தில் அவரிடம், இது விசா மெடிக்கலில் தெரிந்துவிடுமா என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"அண்ணே, அதுல ரத்தமும் நெஞ்சு எக்ஸ்ரேயும்தான். தொத்துநோய் இருக்கான்னு பாப்பாவ. இதுக்கெல்லாம் விசாவ நிறுத்த மாட்டாவ. ஒங்களுக்கு யாரு இதச் சொன்னது?"

யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை, எல்லோரும் சொன்னோம். கம்பெனி என்ன செய்யும் என்பது தனக்குத் தெரியாது என்றும் அந்தப் பெண் சொன்னார். அது நியாயமான பதில். ஆனால் ஸ்டான்லி அண்ணன் எந்த மெடிக்கலுக்குப் பயந்து மூச்சை அடக்கினாரோ, அது அவருடைய இதயத்தைத் தேடவே இல்லை. அவர் பிழைத்திருந்தால் இந்த வாரம் போய் பாஸ் ஆகியிருப்பார்.

கிளினிக் வராந்தாவில் உட்கார்ந்து மேரி அக்காவைக் கூப்பிட்டேன். அன்று பொய் சொன்னேன் என்றேன். வேலியோரம் நடந்ததைச் சொன்னேன், மணிக்கட்டைப் பிடித்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஒங்களுக்கு என்ன செய்யுது தம்பி?" என்று கேட்டார்.

சொன்னேன். ரிப்போர்ட் வந்ததும் முதலில் தனக்குச் சொல்ல வேண்டும் என்றார். என்ன எழுதியிருந்தாலும் மறைக்கக் கூடாது என்றார்.

அண்ணனிடமிருந்து நான் என்ன வைத்துக்கொண்டேன் என்று கேட்டால், அந்தக் காலடிச் சத்தத்தை வைத்துக்கொண்டேன். அவர் திரும்பி ஓடியதை உயிருள்ளவரை பெருமையாகச் சொல்வேன். கையைத் தூக்காமல் இருந்ததை மட்டும் அவரிடமே விட்டுவிட்டேன். நாளை காலை பத்து மணிக்கு எல்லாப் பரிசோதனைகளின் முழு ரிப்போர்ட்டும் வருகிறது. மேரி அக்கா போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். எனக்குப் பயமாக இருக்கிறது, ஆனாலும் கூப்பிடுவேன்.