ஓடுகிறது, காற்றுதான் வரவில்லை

பெரம்பலூர்ப் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊர்ப் பள்ளிவாசலில் போன வருடம் பழைய ஃபேன்களையெல்லாம் கழற்றிவிட்டு, நடுவில் ஒரே ஒரு ராட்சத ஃபேன் மாட்டினார்கள். துபாயில் இருக்கும் என் மச்சான் முறைக்காரர் கொடுத்தது. ஒவ்வோர் இறக்கையும் என்னைவிட நீளம். என்னைவிட நிதானமாகவும் சுற்றும்.

சித்திரையில் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகையில், அதன் அடியிலேயே நாற்காலியில் இருந்த என் வயதான அத்தாவுக்கு மயக்கம் வந்துவிட்டது. "இன்னொரு தடவை வந்தா வீட்லயே தொழட்டும்" என்றார் டாக்டர். ஜும்ஆவை வீட்டில் தொழ முடியாது. அத்தா அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை.

அடுத்த ஜும்ஆவில் அண்ணாந்து பார்த்தேன். ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. பக்கத்து ஆளிடம், "காத்து வருதா?" என்று கேட்டேன்.

"மாஷா அல்லாஹ், ஏசி மாரி இருக்கு" என்றார், துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே.

முதல் வரிசையில் மச்சானின் அண்ணன் உட்கார்ந்திருக்கும்போது வேறென்ன சொல்வார்? எனக்குச் சந்தேகம் பிடித்துக்கொண்டது. மச்சான் மட்டமான சரக்கை வாங்கிவிட்டாரா? கமிட்டியார் கரண்டை மிச்சம் பிடிக்கிறார்களா? எனக்குத்தான் தோல் மரத்துவிட்டதா? ஒரு நூலைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். ஆடாமல் தொங்கியது.

வியாழக்கிழமை அசர் தொழுகை முடிந்ததும், பாங்கு சொல்லும் மோதினாரை மடக்கினேன். "இந்த ஃபேன்ல யாரு கை வெச்சது?"

அவர் சுவரில் இருந்த ஃபேன் சுவிட்சுப் பெட்டியைக் காட்டினார். "இந்தப் பக்கம் சுத்துனா காத்து கீழ அடிக்கும்ணே. திருப்பி வுட்டா மேல போயிரும், ஆளு மேல படாது. மார்கழிக் குளுருக்குத் திருப்பி வுட்டது, அப்புடியே கெடக்கு."

"அதானே பாத்தேன்! எவன் திருப்பச் சொன்னது?"

மோதினார் தாடியைத் தடவினார். "நீங்கதாண்ணே. ரெண்டு நாளு விடியக்காலம் சுபுஹுக்கு வந்தீங்கள்ல? தும்மிக்கிட்டே சத்தம் போட்டீங்களே."

அந்த வருடம் முழுக்க நான் பள்ளிக்கு வந்து தொழுத சுபுஹு அந்த இரண்டுதான்.

"சரி, மாத்தி வுடுங்க."

"யாராச்சும் கேட்டா?"

"ஒண்ணும் சொல்லாதீங்க."

மறுநாள் ஜும்ஆவில் அத்தாவின் தாடி காற்றில் ஆடியது. வரிசை முழுக்க அண்ணாந்து பார்த்தது. இத்தனை நாளும் புகழ்ந்தவர்கள் இப்போது எதைச் சொல்லிப் புகழ்வார்கள்?

வெளியே வந்ததும் அத்தா என் கையைப் பிடித்துக்கொண்டார். "இன்னிக்கித்தான்டா காத்து வருது. எவனோ வேணும்னே பண்ணிருக்கான். நீ சும்மா வுடாத, யாருன்னு வெசாரி."

"எனக்கும் ஒருத்தன் மேல சந்தேகம் இருக்கு அத்தா" என்றேன்.