எங்க அம்மை இங்கதான் வேலை செய்யா

நான் யட்சியாக வேலை பார்க்கிறேன். கல்யாண வீடுகளில் யாராவது "எங்க ஜோலி?" என்று கேட்டால் "ஒரு பார்க்கில" என்று மட்டும் சொல்லிப் பேச்சை சாப்பாட்டுக்குத் திருப்பிவிடுவேன். பாறசாலையிலிருந்து பனச்சமூட்டுக்குப் போகிற வழியில், முன்பு ரப்பர் நின்ற ஒரு சரிவில், குடும்பங்களுக்கென்று நடத்தப்படும் சின்ன தீம் பார்க் அது. ராட்டினம், குட்டி ரயில், பிள்ளைகள் குளிக்கிற குளம், எல்லாவற்றுக்கும் கடைசியில் பேய்வீடு. டிக்கெட் கவுண்டரில் இருந்த என்னை, முடி நீளம் என்கிற ஒரே தகுதியில் பேய்வீட்டுக்கு மாற்றினார்கள். போய்ச் சேர்ந்த பிறகு அந்த முடியும் போதாது என்று ஒரு விக் வாங்கித் தந்தார்கள்.

வேலை ரொம்பச் சுலபம். இருட்டு வழியில் ஒரு பிளாஸ்டிக் பனை நிற்கும். வெள்ளைச் சேலையும் கடைவாயில் ரத்தச் சாயமுமாக அதன் பின்னாலிருந்து நான் மெதுவாக வர வேண்டும். வந்து, "இத்திரி சுண்ணாம்பு உண்டோ?" என்று கேட்க வேண்டும். எங்கள் பக்கத்து யட்சிகள் வழிப்போக்கர்களிடம் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்டுத்தான் ஆளைப் பிடிப்பார்கள். அந்தக் கேள்வியில் ஒரு வசதியும் உண்டு. கேரளப் பக்கம் காஞ்சிரங்குளத்திலிருந்து வருகிறவர்களுக்கும் தமிழ்நாட்டுப் பக்கம் மார்த்தாண்டத்திலிருந்து வருகிறவர்களுக்கும் மொழி மாற்றாமலே புரிந்துவிடும்.

சின்னப் பிள்ளைகள் பயப்படும். அழுதால் உடனே விக்கைக் கழற்றிவிடுவேன். "அழாத மக்கா, நான் சேச்சியாக்கும். பாரு, இது டூப்பு முடி" என்பேன். பிள்ளை விரலால் முடியைத் தொட்டுப் பார்க்கும். சிலது வாங்கித் தன் தலையில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் நகரும். இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. எங்கள் சபையில் கிறிஸ்துமஸ் பாட்டுக்காரர்கள் வீடு வீடாக வரும்போது தாத்தா முகமூடி போட்ட கிறிஸ்துமஸ் பாப்பாவும் கூட ஆடிக்கொண்டு வருவார். பாதி வீடுகளில் பிள்ளைகள் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். பாப்பா முகமூடியை நெற்றிக்கு மேல் தூக்கி, நேற்று நம் வீட்டில் பல்பு மாட்டிய அண்ணன்தான் என்று காட்டுவார். பிள்ளை கண்ணீரோடு சிரித்துக்கொண்டு வெளியே வரும். பயப்படுத்துவது என்றால் இதுவும் சேர்ந்ததுதான் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பெரிய பிள்ளைகளிடம்தான் என் பாடு திண்டாட்டம். "சுண்ணாம்பில்ல சேச்சி, சூயிங்கம் மதியா?" என்று ஒருவன் நீட்டினான். இன்னொருத்தி என் தோளில் கை போட்டு செல்ஃபி எடுத்தாள். படம் சரியில்லை என்று திரும்பவும் எடுத்தாள். என் ரத்தச் சாயத்துக்கு அடியில் நிஜ ரத்தம் கொதித்தது.

அதனால், இந்த வருஷம் ஹாலோவீனைப் பயங்கரமாக நடத்தினால் என்ன என்று முதலாளி கேட்டபோது முதலில் தலையாட்டியது நான். முன்பெல்லாம் அன்றைக்குப் பிள்ளைகளின் கன்னத்தில் சிலந்தி வரைவோம். மத்தங்காயில், அதாவது பரங்கிக்காயில், கண்ணும் மூக்கும் வெட்டி வைப்போம். எரிசேரிக் கறிக்குப் போக வேண்டிய காய் இப்படி வீணாகிறதே என்று கேன்டீன்காரி புலம்புவாள். அவ்வளவுதான் எங்கள் ஹாலோவீன். இப்போது முதலாளி கொச்சியிலிருந்து இதற்கென்றே ஒரு ஆளைக் கூட்டி வந்திருந்தார்.

முதலாளி வளைகுடாவில் சம்பாதித்துத் திரும்பியவர், சபைக் கமிட்டியிலும் உண்டு. அக்டோபர் கடைசி நாள் சபை சீர்திருத்த நாளாயிற்றே, அன்றைக்கா பிசாசை ஆடவிடுவது என்று அங்கே கேட்டார்கள். செங்கல் என்கிற ஊர்ப் பக்கத்திலிருந்து வேலைக்கு வருகிறவர்கள், யட்சியை நாங்கள் கோயிலில் இருத்தி விளக்கு வைக்கிறோம், நீங்கள் விளையாட்டுப் பொம்மை ஆக்குகிறீர்கள் என்றார்கள். வேறெதிலும் ஒத்துப்போகாத இரண்டு கூட்டமும் இதில் ஒத்துப்போனதைப் பார்த்து முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். கடைசியில் என்னிடம் கேட்டார்.

"நீ சொல்லு மக்கா. குடும்பமா வாற இடமாக்கும். கூடுதல் பயம் வேணுமா?"

"பயப்படுத்துனா நல்லா பயப்படுத்தணும் சார். இல்லேன்னா என்னை ராட்டினத்துக்கு மாத்துங்க" என்றேன்.

கொச்சிக்காரர் சேலைக்கு மேல் போட ஒரு கறுப்பு அங்கியும், தலை முழுவதையும் மூடுகிற ரப்பர் முகமூடி ஒன்றும் கொடுத்தார். ஒரு கண் வெளியே தொங்கும். தொண்டையில் ஒட்டிக்கொள்கிற மைக் வழியாகப் பேசினால், கிணற்றுக்குள்ளிருந்து ஒரு கிழவன் பேசுவதுபோலக் கேட்கும். சுண்ணாம்பை நிறுத்தச் சொன்னார். சும்மா மூச்சு விட்டால் போதுமாம். பிறகு ஒரே ஒரு விதி சொன்னார்: "சேச்சி, எந்து வந்நாலும் மாஸ்க் ஊரருது." யார் அழுதாலும் முகமூடியைக் கழற்றக் கூடாது. எனக்கு அதுவும் சரி என்றுதான் பட்டது. செல்ஃபிக்காரி திரும்ப வரட்டும் என்று காத்திருந்தேன்.

இங்கே என் மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுக்கு ஏழு வயது. அப்பா ஷார்ஜாவில். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். பள்ளிக்கூட வேன் அவளை பார்க் வாசலில் இறக்கிவிடும். நான் வேஷம் போடுகிற அறையில் உட்கார்ந்து ஏத்தங்காப்பம் தின்றுகொண்டே வீட்டுப்பாடம் எழுதுவாள். இடையில் நிமிர்ந்து, "அம்மா, இந்தப் பக்கம் ரத்தம் கொறவு" என்பாள். வகுப்பில் யாராவது அவளைத் தள்ளிவிட்டால், "எங்க அம்மை யட்சியாக்கும்" என்று சொல்லிவிடுவாளாம். பேய்வீட்டுக்குள் அவள் அடுக்களைக்குள் வருவதுபோல வந்து போவாள். அவள் பயப்படக்கூடும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

திறப்புக்கு முந்தின சனிக்கிழமை, ஊழியர்களின் வீட்டு ஆட்களை முதலில் விட்டுப் பார்க்கலாம் என்றார் முதலாளி. சாயங்காலம் வெயில் இறங்கியிருந்தது. பிள்ளைகள் கூட்டமாக நுழைந்தார்கள். முதல் அறையிலேயே சவப்பெட்டி தானாகத் திறந்ததும் எல்லாரும் கூச்சலிட்டு வந்த வழியே ஓடிவிட்டார்கள். ஒருத்தி மட்டும் நிற்காமல் உள்ளே வந்துகொண்டிருந்தாள். அது என் மகள். பனை இருக்கிற இடத்தில் அம்மா நிற்பாள் என்று அவளுக்குத் தெரியும். அதை நம்பித்தான் வந்தாள்.

அவள் என்று தெரிவதற்குள் நான் பனைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்துவிட்டேன். அந்த முகமூடியை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை. கொச்சிக்காரர் அதைத் தன் பெட்டியிலேயே பூட்டி வைத்திருந்தார். அவள் எதிர்பார்த்தது வெள்ளைச் சேலை கட்டிய அவளுடைய யட்சியை. வந்ததோ கண் தொங்குகிற வேறு ஏதோ ஒன்று. அவள் அப்படியே நின்றுவிட்டாள். ஓடவில்லை. அழவும் இல்லை. கீழுதடு மட்டும் துடித்தது.

பிறகு என்னிடம் பேசினாள்.

"எங்க அம்மை இங்கதான் வேலை செய்யா. யட்சியாக்கும். விளிச்சா வந்திருவா. உன்னைச் சும்மா விடமாட்டா."

நான் மூச்சு விட்டேன். அந்த மைக் அதையும் கிழவனின் மூச்சாக்கிக் காட்டியது. அவள் ஒரு அடி பின்னால் போனாள். "அம்மா!" என்று கூப்பிட்டாள். சுற்றிலும் பார்த்தாள். "அம்மா, வா! எங்க போன?"

என் வாழ்க்கையில் இப்படி ஒரு இடத்தில் நான் நின்றதே இல்லை. கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் என் பிள்ளை என்னைக் கூப்பிடுகிறாள். நான் வரவில்லை. கொச்சிக்காரரின் விதியெல்லாம் அப்போது என் நினைவிலேயே இல்லை. முகமூடியைத் தூக்கக் கை போய்விட்டது. ஆனால் தூக்கினால், இந்தக் கோரத்துக்குள்ளிருந்து அம்மாவின் முகம் வருவதை அவள் பார்ப்பாள். தூக்காவிட்டால், கூப்பிட்டும் அம்மா வரவில்லை என்று நினைப்பாள். இரண்டையும் என்னால் தாங்க முடியாது.

நான் பனைக்குப் பின்னால் போய்த் திரையை இழுத்துவிட்டேன். முகமூடி வியர்வையில் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. முடியோடு சேர்த்துப் பிய்த்தேன். அங்கியை உதறினேன். மைக்கின் ஒயரைப் பிடுங்கினேன். காலில் கிடந்த செருப்பைக் கழற்றிப் பலகைச் சுவரில் ஓங்கி ஓங்கி அடித்தேன்.

"எலே! எனக்க பிள்ளையவா பயப்படுத்துத? உனக்கு அவ்வளவு தைரியமா? எறங்குலே வெளிய! இனி இந்தப் பக்கம் கண்டா எலும்ப எண்ணிருவேன், கேட்டியா!"

பார்க் முழுக்கக் கேட்டிருக்கும். அடி விழ விழ எனக்கு நிஜமாகவே ஆத்திரம் வந்தது. யார்மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. சுவரில் ஒரு பலகை விரிசல் விட்ட பிறகு நிறுத்தினேன். செருப்பைப் போட்டுக்கொண்டு, சேலையை இழுத்துச் செருகி, திரையை விலக்கி வெளியே வந்தேன்.

அவள் அதே இடத்தில் நின்றிருந்தாள். "அடிச்சியா?" என்றாள்.

"அடிச்சேன்."

"போச்சா?"

"போயாச்சு. இனி வராது."

எட்டி எனக்குப் பின்னால் ஒருமுறை பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்தாள். இரண்டு பேரும் வெளியே வந்தோம். கொச்சிக்காரர் ஓடிவந்து அவளுக்குத் தண்ணீர் கொடுத்தார். என் பிள்ளை என்று அதுவரை அவருக்குத் தெரியாது, பாவம். முதலாளி என்னைப் பார்த்தார், உடைந்த பலகையைப் பார்த்தார்.

திங்கட்கிழமை எல்லாரையும் உட்கார வைத்துக் கேட்டார்கள். கொச்சிக்காரர் தன் பக்கத்தைப் பொறுமையாகவே சொன்னார். பேய் முகத்தைக் காட்டிவிட்டால் பிறகு அது என்ன பேய், ஆட்கள் எதற்கு வருவார்கள் என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. போன வாரம் வரை நானும் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன்.

"நடத்துங்க சார்" என்றேன். "வேண்டாம்னு நான் சொல்லல. நல்லா பயப்படுத்துவோம். செலதுகளுக்கு அது வேணும். ஆனா அழுதா மாஸ்க்க ஊரணும். பயந்தாச்சு இல்லியா? பொறவும் எதுக்கு?"

கடைசியில், சாயங்காலத்துக்குப் பிறகு பெரியவர்களுக்கு மட்டும் நடத்தலாம், பகலில் சுண்ணாம்பு யட்சியே நிற்கட்டும் என்று முடிவானது. முகமூடி விஷயத்தில் முதலாளி என் பக்கம். "மீசை வச்சவன் அழுதாலும் ஊரிக் காட்டிரு மக்கா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். கொச்சிக்காரரும் சிரித்தார்.

ஆனால் மகளிடம் அந்தப் பேய் நான்தான் என்று எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவளும் கேட்கவில்லை. வேன் வந்ததும் எப்போதும்போல அறையில் உட்கார்ந்து அப்பம் தின்றாள். நான் பனையடிக்குப் புறப்பட்டபோது மட்டும், "சீக்கிரம் வா" என்றாள். முன்பு அப்படிச் சொன்னதே இல்லை.

அன்று சாயங்காலம் வீட்டில் நான் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேன். அவள் அப்பாவிடம் வீடியோவில் எல்லாக் கதையையும் சொல்லிக்கொண்டிருந்தாள். அவருக்கு அந்தப் பேய் யாரென்று தெரியும். நான் முன்பே சொல்லியிருந்தேன். ஆனாலும் ஒன்றும் தெரியாதவர்போலக் கேட்டுக்கொண்டிருந்தார். செருப்படியை அவள் நடித்துக் காட்டியபோது அவர் சிரிப்பை அடக்குவது எனக்கு அடுக்களை வரை கேட்டது.

"அப்போ உனக்க அம்மைக்குப் பேடி, பயம் ஒண்ணுமே இல்லியா மோளே?" என்று கேட்டார்.

"உண்டு" என்றாள். குரலைத் தாழ்த்தினாள். எனக்குக் கேட்கக் கூடாது என்று நினைத்திருப்பாள். "வெளிய வாறப்போ அம்மைக்க கை கெடந்து நடுங்கிச்சு. நான்தான் இறுக்கிப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தேன்."

அவளை நான்தான் வெளியே கூட்டி வந்தேன் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.