மருமகள் அழுத கதை

கூட்டுறவுச் சங்கக்கடையில் சீனி நிறுக்கும் அலியாருக்கு எழுத்தாளராகும் வெறி. 1981இல் கல்முனையில் நடந்த சிறுகதை வகுப்பில் முன்வரிசையில் குந்தினார். கதை எழுதக் கற்றுத்தரும் சென்னைப் புத்தகமொன்றையும் வாங்கிக் கரைத்துக் குடித்தார். வகுப்பின் சிறந்த கதை மட்டும் வகுப்பு முடிவில் வெளியிடும் மலரில் அச்சாகும். கதை கொடுக்க நாளை கடைசி நாள்.

எழுதியதை மனைவி சுலைஹாவுக்கு வாசித்துக் காட்டினார். புதுப்பெண் அழுதழுது புருஷன் வீட்டுக்குப் போகிறாள். அங்கே மாமியார் சோறு போடாமல் வதைக்கிறாள்.

"இஞ்சருங்க, இது எந்த ஊர்ல? நம்மட ஊர்ல மாப்பிள்ளதானே பொண்ணுட வீட்டுக்கு வாற? நீங்க இப்ப ஆர்ர வீட்ட இரிக்கீங்க?"

"புத்தகத்தில அப்பிடித்தான் இரிக்கி."

"அப்ப புத்தகத்தையே கலியாணம் முடிச்சிரிக்கலாமே!"

அலியார் எரிச்சலில் தாளைக் கிழித்தெறிந்தார். இத்தனை நாள் படித்தது அடுத்தவன் வீட்டுச் சண்டையை. சொந்தச் சண்டையை எழுதலாம்தான். ஆனால் பெட்டியோடு வந்து மாமி வீட்டில் குடியேறியவன், அதே வீட்டில் குந்திக்கொண்டு மாமியை எப்படி எழுதுவது?

சோறாக்கும் குசினிக்குள்ளிருந்து மாமியின் குரல் வந்தது.

"மருமகன், என்னையும் எழுதப் போறீங்களோ? எழுதுங்க. சோறு போட்டதையும் மறக்காம எழுதுங்க."

அலியார் பல்லைக் கடித்தபடி அதையே முதல் வரியாக எழுதினார்.