வெள்ளிக்கிழமைக்குள் காய வேண்டிய நிலை

கதவு நிலையில் அடித்த பெயிண்ட் உரிந்தால் மரத்தையோ ஈரத்தையோ யாரும் திட்டுவதில்லை. பெயிண்ட் விற்ற கடையைத்தான் திட்டுவார்கள். கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்று பழகிய என் சக பாவிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

என் தகுதி

வேதியியல் பட்டத்தோடு கள்ளக்குறிச்சியில் ஒரு பெயிண்ட் கடையில் பில் போடச் சேர்ந்தேன். புதியவர்களிடம் எனக்குப் பேச்சு வராது. அதைப் பார்த்துத்தான் முதலாளி பாய் என்னைப் புகார் பார்க்க அனுப்பினார். வடக்கனந்தலில் ஒரு விவசாயி வீட்டில் பூஜை அறை நிலை உரிகிறது. அவர் புது வீடு கட்டுகிறார். இதைச் சரிசெய்து காட்டினால்தான் அதற்கும் எங்களிடம் வாங்குவாராம்.

"எதிர்த்துப் பேசாம திட்டு வாங்க ஒன்ன வுட்டா ஆளு இல்லம்மா. ஆனா அந்த ஆர்டர் போச்சுன்னா ஒன் வேலையும் கூடவே போவும்."

பொங்கலுக்குப் பொங்கல்

நகத்தால் ஓர் ஓரத்தைத் தூக்கினேன். வாழைப்பட்டை மாதிரி நீளமாகக் கையோடு வந்தது. உள்ளே பச்சை, அதற்கடியில் நீலம், நடுநடுவே எண்ணெயில் குழைத்த மஞ்சள். வீட்டுக்கார அக்கா வாராவாரம் நிலைக்கு மஞ்சள் பூசுகிறார். பொங்கலுக்குப் பொங்கல் அதைத் துடைக்காமல் மேலேயே பெயிண்ட் அடிக்கிறார்கள். எண்ணெய் மேல் எது நிற்கும்? மரம் தெரியச் சுரண்டி, சோப்புத் தண்ணீரில் துடைத்து, உப்புத்தாள் தேய்த்து, பிரைமர் அடித்து, அதன் பிறகுதான் பெயிண்ட் என்று அக்காவின் கால்விரல்களிடம் சொல்லி முடித்தேன்.

"சொரண்டிக்க. ஆனா வெள்ளிக்கெழம மஞ்சள் இல்லாம நிலைய மொட்டையா வுட மாட்டேன். அதுக்குள்ள காய வெச்சிடு."

மலை ஏறிய மேஸ்திரி

நான் கூட்டிப்போன பெயிண்டர் மேஸ்திரி செவ்வாயன்று சுரண்டி பிரைமர் அடித்தார். புதனன்று ஆளைக் காணோம், போனும் எடுக்கவில்லை. மலைமேல் வெள்ளிமலை லாட்ஜ் ஒன்றில் வேறு வேலை பிடித்துவிட்டார் என்று கேள்விப்பட்டு, வியாழன் காலை பஸ் ஏறினேன். அறைக்குள் ஜன்னல் சட்டங்களுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார். அதே ஜன்னல் வழியாக மேகம் உள்ளே வந்து மரத்தை நனைத்துக்கொண்டிருந்தது. ஈர மரத்தில் அடித்தால் மறுபடியும் உரியுமே என்றேன்.

"உரியட்டுமே பாப்பா. உரியலன்னா என்ன யாரு கூப்புடுவாங்க?"

வெள்ளி காலை

மேஸ்திரியை இழுத்துக்கொண்டு வந்து, வியாழன் மாலை சந்தன நிறம் அடிக்க வைத்தேன். மறுநாள் காலை நான் போவதற்குள் அக்கா தலைக்குக் குளித்து, மஞ்சளும் பூசி முடித்திருந்தார். காயாத பெயிண்டில் மஞ்சள் இழுபட்டு, விரல் தடங்களோடு, எலுமிச்சை ஊறுகாயின் நிறத்தில் நின்றது நிலை. விவசாயி கையைக் கட்டிக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பாயிடம் எப்படிச் சொல்வது என்று மனதுக்குள் ஒத்திகை பார்க்க ஆரம்பித்தேன்.

"புது வூட்டுல எல்லா நிலைக்கும் இதே கலர்தான் வேணுமாம் அவளுக்கு. இன்னா நம்பரும்மா இது?"

வேலை பிழைத்தது. நான் படித்த வேதியியல் முழுவதும் இப்போது எங்கள் நிற அட்டையில் இல்லாத அந்த ஊறுகாய் நிறத்தைக் கலந்து பார்ப்பதில் செலவாகிக்கொண்டிருக்கிறது.