எரிமலைக்கு எதிராக ஒரு வாக்கெடுப்பு

அம்மா இருபத்தெட்டு ஆண்டுகள் ஒன்பதாம் வகுப்புக்கு எரிமலைப் பாடம் நடத்தியவர். திருவனந்தபுரத்தில், சாலைக் கடைத்தெருவுக்கு அருகே உள்ள ஒரு பள்ளியின் தமிழ்ப் பிரிவில் அவர் சமூக அறிவியல் ஆசிரியை. பாடப்புத்தகத்தில் வரும் நிலவடிவங்கள் அனைத்தையும் ஒருமுறையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். ஆற்றுக்குக் கரமனையாறு இருந்தது. கடலரிப்புக்குச் சங்குமுகம் இருந்தது. பாலைவனத்தை அபுதாபியில் அக்கா வீட்டு மொட்டைமாடியிலிருந்து பார்த்தார். பனிமலையைச் சிம்லாவில், மூன்று ஸ்வெட்டர்களுக்குள் இருந்தபடி பார்த்தார். எரிமலை மட்டும் மிச்சமிருந்தது. ஆண்டுதோறும் பிள்ளைகளைப் பொன்முடிக்கு அழைத்துப் போகும்போது, கல்லாற்றில் பேருந்து நின்றதும் யாராவது ஒரு பிள்ளை மலையைக் காட்டி, "இதுல தீ எப்போ வரும் டீச்சர்?" என்று கேட்குமாம். "இதுல வராது மக்களே" என்று சொல்லிச் சொல்லி, நாளடைவில் அது பொன்முடியின் குறை என்பதைவிடத் தன்னுடைய குறை என்றே அவர் நினைக்கத் தொடங்கியிருந்தார்.

ஆகவே, ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் நண்பர்களுமாகப் பதினான்கு பேர் பாலித் தீவுக்குப் போவதென்று முடிவானபோது, அம்மா பயண நிரலில் ஒரே ஒரு வரியின்கீழ் பென்சிலால் கோடு போட்டார். மூன்றாம் நாள்: வழிகாட்டியுடன் தீவைச் சுற்றிவருதல். முதலில் கோவில், பிறகு எரிமலையை எதிரே காணும் காட்சிமுனை, அங்கேயே மதிய உணவு, பிறகு ஏரிக்கரையில் வெந்நீர் ஊற்று. காட்சிமுனைக்கு ஒதுக்கப்பட்டிருந்தது முக்கால் மணி நேரம்.

நான் சமூகப்பணியில் முதுகலை முடித்தவள். எந்தச் செயலுக்கும் அதன் விளைவைக் கணக்கில் எடுத்த பிறகே சம்மதிப்பவள். விமானப் பயணம் வெளியேற்றும் கரிப்புகை குறித்து எனக்கிருந்த ஆட்சேபத்தை அம்மாவிடம் முறையாகத் தெரிவித்தேன். "எரிமலை விடுத புகையில இது எந்த மூலைக்கு?" என்றார். அறிவியல்படி அது பிழையான வாதம் என்பது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். ஆயினும் அவருடைய முழங்காலுக்கு ஒரு துணை தேவைப்பட்டதால் உடன் போனேன். போனவள் சும்மா போகவில்லை. 'பயண நெறிமுறை' என்று ஒரு பக்கம் தயாரித்து, விமான நிலையத்திலேயே எல்லோருக்கும் கொடுத்துக் கையெழுத்து வாங்கினேன். அதன் முக்கியமான விதி: நிரலில் எந்த மாற்றம் செய்வதானாலும் கைதூக்கி வாக்கெடுத்துப் பெரும்பான்மைப்படியே செய்ய வேண்டும், ஒருவருடைய விருப்பம் மற்றவர்களின் நேரத்தை விழுங்கக் கூடாது. முதல் கையெழுத்து அம்மாவுடையது.

மூன்றாம் நாள் விடியலிலேயே பேருந்து வந்துவிட்டது. வழிகாட்டி நாற்பது வயதுப் பெண்மணி. கேரளத்துப் பயணிகளை நிறைய அழைத்துப் போனவர்போலும். எங்களிடம் ஆங்கிலத்தில் பேசினாலும் இடையிடையே மலையாளத்தில் "சேச்சி, வேகம் வரூ" என்று அவசரப்படுத்தினார்.

"நாங்க தமிழ் ஆளுகளாக்கும்" என்றார் அண்ணாச்சி. ஆரியசாலையில் மொத்த மளிகை வியாபாரம் செய்பவர் அவர். பள்ளியின் பெற்றோர் சங்கத்துக்குப் பல காலம் தலைவராக இருந்தவர்.

"ஆனா திருவனந்தபுரம்தானே?" என்றார் வழிகாட்டி.

"அது பின்னே வேற எங்க?" என்ற அண்ணாச்சி, அதன்பிறகு நாள் முழுவதும் அவரிடம் மலையாளத்திலேயே பேசினார்.

வழிகாட்டி ஒலிபெருக்கியில் ஓர் எச்சரிக்கை சொன்னார். இன்று வானம் தெளிவாக இருக்கிறது, ஆனால் இந்த மலைக்குப் பதினொரு மணிக்குமேல் மேகம் போர்த்திக்கொள்ளும் பழக்கம் உண்டு. எனவே கோவிலில் அரைமணி நேரம்தான். அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்துத் தலையாட்டினார்.

அரைமணி நேரம் போதுமானதாக இருந்திருக்கும். எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கோவில் என்றால் என்ன நேரும் என்பதை நானாவது எதிர்பார்த்திருக்க வேண்டும்.

அம்மாவும் நானும் சர்ச்சுக்குப் போகிறவர்கள். வாசலிலேயே ஒரு மரத்தடியில் உட்கார்ந்துகொண்டோம். மற்றவர்கள் கோபுர வாசலை நெருங்கினார்கள். முன்னால் நடந்தவர் கணக்கு மாமா. அம்மாவோடு அதே பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். கிழக்கேகோட்டை அக்ரகாரத்தில் பிறந்து, ஆண்கள் சட்டையைக் கழற்றி வேட்டியோடு மட்டுமே நுழையக்கூடிய பத்மநாபசுவாமி கோவிலில் நாள் தவறாமல் தொழுபவர். கோவில் வாசலைக் கண்டதும் அவருடைய விரல்கள் தாமாகவே சட்டைப் பொத்தான்களைக் கழற்றத் தொடங்கின. அவரைப் பார்த்து அண்ணாச்சி கழற்றினார். அண்ணாச்சியைப் பார்த்து மற்ற ஐந்து ஆண்களும் கழற்றினார்கள். ஏழு பேரும் கைப்பையிலிருந்து சரிகைக் கரை வைத்த கசவு வேட்டியை எடுத்துக் கால்சட்டைக்கு மேலேயே கட்டி, சட்டையை மடித்துக் கக்கத்தில் செருகி, வரிசையில் நின்றார்கள். பெண்கள் சுடிதாருக்கு மேல் முண்டு சுற்றிக்கொண்டார்கள். எல்லாம் ஐந்தே நிமிடத்தில், யாரும் யாரிடமும் ஒரு சொல்லும் பேசாமல் நடந்து முடிந்தது.

அந்தத் தீவின் வழக்கம் நேரெதிர். அங்கே இடுப்பில் துணி கட்ட வேண்டும், மேலே சட்டையும் இருக்க வேண்டும். வாசற்காவலர் பதறி ஓடிவந்தார். அதற்குள், ஏழு பேர் வெற்றுமார்போடு நிற்பதைக் கண்ட இரண்டு வெள்ளைக்காரர்கள், இதுதான் சட்டம் போலும் என்று தங்கள் பனியன்களைக் கழற்றிவிட்டார்கள். காவலருக்கு யாரை முதலில் தடுப்பது என்று தெரியவில்லை.

"சார், தயவுசெய்து சட்டை போட்டுக்கொள்ளுங்கள்" என்றார் வழிகாட்டி.

"சட்டையோடயா? கோவிலுக்குள்ளயா?" மாமாவின் குரல் மரத்தடிவரை கேட்டது. "இதோ பாருங்கோ, எங்காத்துல ஒரு கொழந்தைகூட அப்படிப் போகாது, கேட்டேளா!"

"இங்கே உடம்பை மூடுவதுதான் மரியாதை, சார்."

"எங்க ஊர்ல தெறக்கறதுதான் மரியாதை. பகவானுக்குத் தெரியாம எதை மூடறது?"

"மாமா, இது நம்ம ஊரு இல்லல்லா, போடுங்க" என்று அண்ணாச்சி இடைபுகுந்தார். "டூட்டியில இருக்க ஆளு அழுதுருவான் போல."

இருவேறு மரியாதைகள் எதிரெதிரே நின்ற அந்தக் காட்சியில் யார் பக்கமும் தவறில்லை என்று நான் அம்மாவிடம் விளக்கினேன். அம்மா கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. அவர் வடக்கே பார்த்துக்கொண்டிருந்தார். "இப்போ நல்ல தெளிவா இருக்கு" என்றார். சற்றுப் பொறுத்து, "இப்பவும் இருக்கு" என்றார்.

ஒருவழியாகச் சட்டைகள் ஏறின. உள்ளே போன மாமா, கல்லால் ஆன உயர்ந்த பீடம் ஒன்று வெறுமையாக இருப்பதைக் கண்டு, மூர்த்தி எங்கே என்று மூன்று பேரிடம் விசாரித்திருக்கிறார். ஆசனம்தான் அங்கே வழிபாட்டுக்குரியது என்று தெரிந்ததும் மனம் உருகி, அதைச் சுற்றிவர ஆரம்பித்து, எத்தனை சுற்று என்று நினைவு தவறி, கணக்கு வாத்தியார் ஆகையால் முதலிலிருந்து எண்ணியிருக்கிறார். அவர்கள் வெளியே வந்தபோது ஒன்றேகால் மணி நேரம் போயிருந்தது. அம்மா பேருந்தில் முதல் இருக்கையில் உட்கார்ந்து, கண்ணாடியில் நெற்றி படும்படி முன்னால் சாய்ந்துகொண்டார்.

காட்சிமுனையை அடைந்தபோது மணி பதினொன்றரை. எதிரே வெள்ளையாக ஒரு சுவர். சற்றுக் கீழே மட்டும் ஏரியின் ஒரு மூலை தெரிந்தது. "அந்த மலை அங்கேதான் இருக்கிறது" என்று வழிகாட்டி மேகத்தை நோக்கிக் கையை நீட்டினார். பதினான்கு பேரும் மரியாதையாக மேகத்தைப் பார்த்தோம். சிலர் அதன் முன்னால் நின்று படமும் எடுத்துக்கொண்டார்கள்.

"டீச்சர், ஒண்ணும் வெசனப்படண்டாம். இப்பம் மாறிரும்" என்றார் அண்ணாச்சி.

கொண்டுவந்த புளியோதரையைச் சாப்பிட்டோம். மாறவில்லை. அம்மா தட்டைக் கையில் வைத்துக்கொண்டே, கைப்பிடிச் சுவருக்கு அருகில் நின்று சாப்பிட்டார். கணக்கு மாமா சாப்பிடவேயில்லை. "என்னாலதான். பிரதட்சிணத்த மூணோட நிறுத்தியிருக்கணும்" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

முக்கால் மணி நேரம் முடிந்தது. மாலை நான்கு மணிவாக்கில் சில நாட்கள் மேகம் திறக்கும், உறுதி சொல்ல முடியாது என்றார் வழிகாட்டி. காத்திருந்தால் வெந்நீர் ஊற்றுக்கு நேரமிருக்காது. கந்தக நீர் மூட்டுவலிக்கு நல்லது என்று முந்தைய நாளிலிருந்தே பேச்சு. எங்கள் குழுவில் இருபத்தெட்டு முழங்கால்கள் இருந்தன. என்னுடைய இரண்டைத் தவிர மற்றவை அனைத்தும் அந்த ஊற்றை நம்பி வந்தவை.

நெறிமுறைப்படி வாக்கெடுப்பை நானே நடத்தினேன். காத்திருக்கலாம் என்போர்? மாமா, அண்ணாச்சி, அண்ணாச்சியின் மனைவி, இன்னும் மூவர் கை தூக்கினார்கள். ஆறு. வெந்நீருக்குப் போகலாம் என்போர்? ஆறு கைகள் எழுந்தன. சுவரோரத்திலிருந்து ஏழாவதாக ஒரு கை உயர்ந்தது. அது அம்மாவுடையது.

"டீச்சர், ஒங்களுக்கென்ன கிறுக்கா?" என்றார் அண்ணாச்சி.

"எல்லாரும் கால்வலியோட வந்திருக்காங்க. தெரியாத மேகத்துக்காக அவங்கள உக்கார வைக்க முடியுமா?" என்றார் அம்மா.

மிச்சமிருந்தது என் வாக்கு. நான் கை தூக்கினால் ஏழுக்கு ஏழு. மீண்டும் பேசவாவது வழி பிறக்கும். அந்தச் சில நொடிகளில் நான் எல்லாவற்றையும் எடைபோட்டேன். வாக்கெடுப்பை நடத்துபவள், சம்பந்தப்பட்டவரின் மகள். எனக்கு அம்மா முக்கியம். அதனாலேயே என் தீர்ப்பு நம்பத்தகாதது. மேலும், அவரே வேண்டாம் என்று சொன்னதை அவருக்காக நான் கேட்பது அவருடைய சுயமரியாதையில் தலையிடுவது ஆகாதா? "நான் நடுநிலை" என்று அறிவித்தேன்.

"இதென்னடீ கூத்து!" மாமாவுக்குக் கோபமே வந்துவிட்டது. "மலையப் பாக்க வந்தவ வெந்நீருக்கு ஓட்டுப் போடறா. பெத்த பொண்ணு ஓட்டே போடமாட்டேங்கறா. ஒங்க ஆத்துல காப்பி போடறதுக்கும் இப்படித்தான் கை தூக்குவேளா?"

பேருந்து ஏரியை நோக்கி வளைந்து வளைந்து இறங்கியது. அம்மா ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஜனநாயகம் சரியாக நடந்து முடிந்ததற்கான நிறைவு எனக்குள் எங்கேயாவது இருக்கிறதா என்று தேடிப்பார்த்தேன். கிடைக்கவில்லை.

கீழே இறங்கியதும் நிலம் கறுத்தது. சாலையின் இருபுறமும், உழுது போட்ட வயலை அப்படியே கல்லாக்கினாற்போல், கன்னங்கரேலென்று பாறைக் குழம்பு உறைந்து கிடந்தது. வீடு கட்ட அந்தக் கரிய மணலை அள்ளிப்போகும் லாரிகள் எதிரெதிரே வந்து, விலக இடமில்லாமல் நின்றுவிட்டன. எங்கள் பேருந்தும் நின்றது. பத்து நிமிடமாவது ஆகும் என்றார் வழிகாட்டி.

அம்மா இறங்கிவிட்டார். முழங்காலை மறந்து குத்தவைத்து உட்கார்ந்து, பாறையில் உள்ளங்கையை வைத்தார். "மக்களே, இங்க பாரு. இது ஒழுகி வந்தது. மடிப்பு மடிப்பா நிக்குது பாத்தியா? மேல் தோல் ஆறினதுக்கப்புறமும் உள்ளே ஓடிட்டே இருந்திருக்கு." குழு முழுவதும் அவரைச் சூழ்ந்துகொண்டது. மாமா கை தூக்கி ஒரு சந்தேகம்கூடக் கேட்டார்.

அப்போதுதான் அண்ணாச்சி ஒரு கல்லை எடுத்து எடை பார்ப்பதை நான் கண்டேன். தேங்காய் அளவு, உள்ளே முழுக்கத் துளைகள். "பஞ்சு கணக்கா இருக்கு! கடையில மேசைமேல வச்சா ஆளுக கேப்பாங்க" என்றபடி பையைத் திறந்தார்.

என்னால் பொறுக்க முடியவில்லை. அவரைச் சாலையோரம் அழைத்துப்போய், நேருக்கு நேர் நின்று பேசினேன். இது இந்த ஊர் மக்களின் உடைமை. வருகிற ஒவ்வொரு பயணியும் ஒவ்வொரு கல் எடுத்தால் நூறாண்டில் இங்கே என்ன மிஞ்சும். இது இயற்கையின் ஆவணம். ஆவணத்திலிருந்து ஒரு பக்கத்தைக் கிழிப்பது நியாயமா? எதிரே லாரி லாரியாக அதே நிலத்தை அள்ளிப்போகிறார்களே என்று அவர் கேட்கக்கூடும் என எண்ணி, அதற்கும் பதில் தயாராக வைத்திருந்தேன்: அது வாழ்வாதாரம், இது அலங்காரம். அண்ணாச்சி வாயைச் சற்றே திறந்தபடி, அசையாமல் நின்று கேட்டார். என் வாழ்நாளில் யாரும் என் பேச்சை அவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை. அவருடைய கண்கள் விரிந்துகொண்டே போயின. எனவே வாழ்வாதாரத்துக்கும் அலங்காரத்துக்குமான வேறுபாட்டை இன்னும் கொஞ்சம் விரித்துரைத்தேன்.

முடித்தபோது அவர் கல்லை மெதுவாகக் கீழே வைத்தார். "என்னா மலை!" என்றார்.

திரும்பிப் பார்த்தேன். வெள்ளையாக ஒரு சுவர்.

ஒரு நிமிடம் மேகம் திறந்ததாம். அடிவாரத்திலிருந்து வாய்வரை, மேல் விளிம்பில் நூல்போலப் புகையோடு. எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். வழிகாட்டி பார்த்திருக்கிறார், லாரி ஓட்டுநர்கள் பார்த்திருக்கிறார்கள். ஒருவருக்கும் படம் எடுக்கத் தோன்றவில்லை. காட்சிமுனையில் இருந்திருந்தாலும் தெரிந்திருக்குமா என்று வழிகாட்டியிடம் கேட்டேன். அவர் தொலைபேசியில் அங்கிருந்த சக வழிகாட்டியை விசாரித்துவிட்டு, அங்கே இன்னமும் மூடியே இருக்கிறது என்றார். ஆக, அந்த வாக்கெடுப்பின் முடிவு சரியானது. ஆனால் வாக்களித்த எவரும், வாக்களிக்காத நானும், அதற்கு உரிமை கோர முடியாது.

அம்மா பாறையின்மேல் அப்படியே உட்கார்ந்திருந்தார். கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எப்படிம்மா இருந்துது?"

எதையும் மூன்று உட்பிரிவுகளாகப் பிரித்து விளக்குகிறவர், "பெருசா இருந்துது" என்றார். அவ்வளவுதான். பிறகு நிமிர்ந்து, "நீ எந்தப் பக்கம் நின்னு பாத்த?" என்று கேட்டார்.

"பாக்கல. அண்ணாச்சிகிட்டப் பேசிட்டு இருந்தேன்."

"அண்ணாச்சி பாத்தேன்னு சொல்லுதாரே?"

"அவரு என்னைப் பாத்து நின்னாரு. மலை எனக்குப் பின்னால இருந்துது."

அம்மா என்னையும், எனக்குப் பின்னால் இருந்த மேகத்தையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். இருமல் வந்து, அண்ணாச்சியின் மனைவி தண்ணீர் கொடுத்து, அதைக் குடிக்கும்போதும் சிரித்துப் புரையேறியது. வெந்நீர் ஊற்றில் கால்களை நனைத்தபடி அதை எல்லோருக்கும் சொன்னார். திரும்பும் வழியில், பேருந்தில், வழிகாட்டியின் ஒலிபெருக்கியைக் கேட்டு வாங்கி மறுபடியும் சொன்னார். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் எனக்கும் மலைக்கும் இடையே இருந்த தூரம் குறைந்துகொண்டே வந்தது. விடுதி வாசலை அடைந்த நேரத்தில், நான் ஏறக்குறைய அந்த எரிமலையின்மேல் முதுகைச் சாய்த்துக்கொண்டு பேசியிருந்தேன்.